இங்கிலாந்து மேனர், எஸ்டேட், ஊர்ச் சர்ச் யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சு: தேட ஆரம்பிக்கிறவங்களுக்கு

இங்கிலாந்துல ஒரு கிராமத்துல வீடு வாங்கியிருக்கீங்க, இல்ல அந்த ஊர் ஹிஸ்டரி குரூப்ல உங்க தலையில ஒரு வேலைய கட்டிட்டாங்க, இல்ல சும்மாவே அந்தப் பெரிய வீடும் பக்கத்துல இருக்கிற பழைய சர்ச்சும் யாருதுன்னு தெரிஞ்சுக்கணும்னு ஒரு அரிப்பு. எதுவா இருந்தாலும் சரி, ஓனர் வரிசைய 1086 வரைக்கும் பின்னாடி கொண்டுபோக நல்ல சான்ஸ் இருக்கு, அதுல பாதிக்கு மேல காசே செலவில்லாம பண்ணலாம். ஆனா எதை முதல்ல பாக்கணும், எதுக்குப் பணம் கட்டக்கூடாதுன்னு ஒரே இடத்துல யாரும் சொல்றதில்ல. நான் முட்டி மோதி கத்துக்கிட்டத வரிசையா எழுதிட்டேன், நீங்க அலைய வேண்டாம்.

1. எதைத் தேடுறீங்கன்னு முடிவு பண்ணுங்க

எல்லாரும் இத ஸ்கிப் பண்ணிட்டு அப்புறம் மண்டைய பிச்சுக்கிறாங்க. மேனர்ங்கறது பழைய காலத்துல ஒரு பிரபு கையில இருந்த நிலமும் அதுக்கான உரிமைகளும் சேந்தது. "மேனர் யாருது"ன்னு ஒரே கேள்வியா கேட்டா பதில் வராது, ஏன்னா அதுக்குள்ள நாலு தனித்தனி சொத்து இருக்கு. ஒண்ணு, வீடு. ரெண்டு, சுத்தி இருக்கிற நிலம், அதாவது எஸ்டேட். மூணு, மேனரோட லார்ட்ஷிப், அதாவது அந்த ஊர்ல கோர்ட் கூட்டுறது, சுரங்க உரிமை, சந்தை உரிமை மாதிரி விஷயங்கள். நாலு, சர்ச்சுக்கு பாதிரியார நியமிக்கிற உரிமை, இதுக்கு அட்வௌசன்னு பேரு, இதுவும் ஒரு சொத்துதான், ரொம்ப காலம் வித்தாங்க, வாங்கினாங்க, உயில்ல எழுதி வச்சாங்க.

இந்த நாலும் ஒரு காலத்துல ஒரே ஆள் கையில இருந்திருக்கலாம், அப்புறம் தனித்தனியா பிரிஞ்சு போயிருக்கும். வீட்டு வாசல்ல "மேனர் ஹவுஸ்"னு போர்டு இருக்குன்னு நம்பிடாதீங்க, 19ஆம் நூற்றாண்டுல எவரோ ஒரு வியாபாரி கட்டி ஆசைக்கு வச்ச பேரா கூட இருக்கும். இன்னொண்ணு, ஒரு பாரிஷுக்கு, அதாவது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதிக்கு, ஒரு மேனர்னு கணக்கு கிடையாது, ஒரே பாரிஷ்ல மூணு நாலு மேனர் இருக்கும், ஒரே மேனர் ரெண்டு பாரிஷ்ல பரவி கிடக்கும். நோட்டுல நாலு கட்டம் போட்டு, கிடைக்கிற ஒவ்வொரு தகவலும் எந்தக் கட்டத்துக்குப் போகுதுன்னு எழுதிக்கிட்டே வாங்க.

2. இன்னைக்கு யாருது? அங்கிருந்து பின்னாடி போங்க

லேண்ட் ரிஜிஸ்ட்ரி, அதாவது நிலப் பதிவு ஆபீஸோட அரசு தளத்துல டைட்டில் ரிஜிஸ்டர் (ஓனர் விவரம்) 7 பவுண்ட், டைட்டில் பிளான் (எல்லை மேப்) தனியா இன்னொரு 7 பவுண்ட், கார்டுல கட்டினா உடனே டவுன்லோட் ஆகும். 2024 டிசம்பர் வரைக்கும் 3 பவுண்டா இருந்துச்சு, பழைய கட்டுரைகள்ல அந்த ரேட்தான் இருக்கும். கூகுள்ல தேடினா மேல விளம்பரமா வர்ற தனியார் தளங்கள் அதே பேப்பர மூணு நாலு மடங்கு விலைக்கு விக்கும். அட்ரஸ் பார்ல அரசு டொமைன் இருக்கான்னு பாத்துட்டு கார்டு நம்பர் போடுங்க.

நம்ம ஊர் வில்லங்கச் சான்றிதழ் மாதிரி பழைய ஓனரெல்லாம் வரிசையா வரும்னு எதிர்பாக்காதீங்க. இதுல இப்போ இருக்கிற ஓனர் மட்டும்தான் இருப்பார், 2000 ஏப்ரலுக்கு அப்புறம் வித்ததா இருந்தா பெரும்பாலும் விலையும் இருக்கும். ஆனா முதல் பகுதியையும் கடைசி பகுதியையும் பொறுமையா படிங்க, விஷயம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். "இந்தத் தேதியிட்ட கன்வேயன்ஸ்ல (விற்பனைப் பத்திரத்துல) சொன்ன உரிமைகளுக்கு உட்பட்டது"ன்னு 1920, 1930கள்ல எழுதின பழைய பத்திரத்த காட்டி வரி இருக்கும், பெரும்பாலும் பெரிய எஸ்டேட் உடைஞ்சு துண்டு துண்டா வித்த சமயத்துப் பத்திரம் அது. பக்கத்துலயே அதோட காப்பி ஃபைல்ல இருக்குன்னு போட்டிருந்தா காசு கட்டி வாங்கிடுங்க, வித்தவர் பேரு கிடைச்சிடும், தாய்ப்பத்திரம் கிடைச்ச மாதிரிதான். அதே ரிஜிஸ்டரோட பழைய பதிப்பும் கேக்கலாம், அதுக்கு ஹெச்.சி 1ன்னு ஒரு ஃபாரம், ஆனா 1993க்கு முன்னாடி போகாது.

ரிஜிஸ்ட்ரில ஒண்ணுமே வரலையா, பயப்படாதீங்க. இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க வித்தா கட்டாயம் பதியணும்னு வந்ததே 1990 டிசம்பர் 1லதான். தலைமுறை தலைமுறையா விக்காம வச்சிருக்கிற எஸ்டேட், பழைய காலேஜ் நிலம், ஊர்ச் சர்ச் கட்டடம் இதெல்லாம் பதியாமலே இருக்கும்.

3. காசு கட்டறதுக்கு முன்னாடி இலவசமா இருக்கிறதெல்லாம் பாத்துடுங்க

விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரின்னு (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) 1899ல ஆரம்பிச்சு இன்னும் முடியாம ஓடிக்கிட்டிருக்கிற ஒரு பெரிய சீரிஸ் இருக்கு. உங்க பாரிஷ் அதுல வந்திருந்தா பாதி வேலை முடிஞ்சுது, மேனர் கைமாறின கதை தனித் தலைப்புல, சர்ச்சும் அட்வௌசனும் தனித் தலைப்புல இருக்கும். பழைய வால்யூம்கள் நிறைய பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்துல இருக்கு. ஹாம்ப்ஷயர், சர்ரே, ஹெர்ட்ஃபர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர், பெட்ஃபர்ட்ஷயர் ஆளுங்களுக்கு அதிர்ஷ்டம், ஊர் ஊரா முடிச்சிருக்காங்க. டெவன், நார்ஃபோக், கென்ட் ஆளுங்களுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்ல, ஆனா கென்டுக்கு 18ஆம் நூற்றாண்டுல எட்வர்ட் ஹேஸ்டட் எழுதினது அதே தளத்துல இருக்கு, நாட்டிங்ஹாம்ஷயருக்கு 1677ல ராபர்ட் தோரட்டன் எழுதினதும் இருக்கு.

அந்தக் கட்டுரைய படிச்சு முடிச்சதும் கீழ இருக்கிற அடிக்குறிப்புகள காப்பி பண்ணி வச்சுக்கங்க. எனக்கு மேல இருக்கிற கதைய விட அதுதான் ரொம்ப உதவிச்சு, எந்த ஆவணம் எந்த நம்பர்ல இருக்குன்னு வேற யாரோ உங்களுக்காக ஏற்கனவே தேடி வச்சது அது.

டூம்ஸ்டேங்கறது 1086ல ராஜா எடுக்க வச்ச நிலக் கணக்கு. கூடவே ஓப்பன் டூம்ஸ்டே தளத்துல ஊர் பேர அடிச்சா 1066ல யாரு, 1086ல யாருன்னு ஒரே பக்கத்துல வந்துடும், மூல ஏட்டோட படமும் இருக்கும். பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவை) மேப்புக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட தளம், பேர பாத்து ஏமாறாதீங்க, இங்கிலாந்து மேப்பும் அங்கதான் இலவசம்.

4. மேனர் பேப்பர் எங்க கிடக்குதுன்னு கண்டுபிடிங்க

1926 ஜனவரி 1ஆம் தேதியோட காப்பிஹோல்டுங்கிற, மேனர் கோர்ட் ஏட்டுல பதிஞ்சு நிலம் வச்சுக்கிற பழைய முறை ஒழிஞ்சுது. ஒழிஞ்சாலும் அதோட பேப்பரெல்லாம் நிலத்துக்கான ஆதாரம்ங்கறதால, எது யாருகிட்ட இருக்குன்னு ஒரு லிஸ்ட் வச்சாங்க, அதுக்குப் பேரு மேனோரியல் டாக்குமெண்ட்ஸ் ரிஜிஸ்டர். நேஷனல் ஆர்க்கைவ்ஸ் (தேசிய ஆவணக் காப்பகம்) தளத்துல இலவசமா தேடலாம். மேனர் பேரோ பாரிஷ் பேரோ போட்டா, கோர்ட் ரோல் (மேனர் கோர்ட் நடவடிக்கைப் பதிவு) எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், ரென்டல் (வாடகைப் பட்டியல்), சர்வே (நில விவரக் கணக்கு), எந்த ஆபீஸ்ல, என்ன நம்பர், எல்லாம் வரும். நடுவுல விட்டுப்போன வருஷங்கள் இருக்குன்னும் போட்டிருப்பாங்க, அத கவனிங்க, இல்லன்னா ரயில் டிக்கெட் தண்டம்.

இங்க பெரிய பொறி என்னன்னா, பேப்பர் ஊர் பின்னாடி போகாது, குடும்பம் பின்னாடி போகும். நாட்டிங்ஹாம்ஷயர்ல லாக்ஸ்டன்னு ஒரு ஊர் இருக்கு, பழைய திறந்தவெளி வயல் முறை இன்னும் நடக்கிற ஊர், அத எடுத்துக்கங்க. டூம்ஸ்டேல ஜெஃப்ரி ஆல்செலின் கையில இருக்கு, அதுக்கு முன்னாடி டோக்கி. 1635ல அப்போ ஓனரா இருந்த லண்டன் வியாபாரி சர் வில்லியம் கோர்ட்டன் வயல் வயலா மேப் போட வச்சார், அந்த மேப் இப்போ ஆக்ஸ்ஃபர்ட்ல போட்லியன் நூலகத்துல. அப்புறம் பியர்பான்ட் குடும்பம், அவங்கதான் பின்னாடி மான்வர்ஸ் பிரபுக்கள், அவங்க எஸ்டேட் பேப்பர் நாட்டிங்ஹாம் யுனிவர்சிட்டியோட கையெழுத்துச் சுவடிப் பிரிவுல. 1952ல விவசாய அமைச்சகம் வாங்குச்சு, 1981ல கிரவுன் எஸ்டேட்டுக்கு (அரசச் சொத்த நிர்வகிக்கிற அமைப்பு) போச்சு, 2020ல தோர்ஸ்பி எஸ்டேட் வாங்குச்சு, அதாவது பழைய பியர்பான்ட் குடும்பத்து எஸ்டேட்டே திரும்ப வாங்கிக்கிச்சு. இப்போ சொல்லுங்க, நாட்டிங்ஹாம்ஷயர் ரெக்கார்ட் ஆபீஸ் மட்டும் போய் உக்காந்தா முழுக் கதையும் கிடைச்சிருக்குமா?

அதனால ஒரு குடும்பப் பேரு கிடைச்ச உடனே, அந்தக் குடும்பத்துக்கு வேற எந்தக் கவுண்டில நிலம் இருந்துச்சு, தலைமை வீடு எங்கன்னு பாருங்க. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காசுல வாங்கின எஸ்டேட்டுன்னா தேடல் இன்னும் விரியும். மெட்ராஸ் கவர்னரா இருந்த தாமஸ் பிட், 1717ல தன்னோட பேர்போன வைரத்த பிரான்ஸ் அரசுக்கு வித்த காலத்துலதான் கார்ன்வால்ல போகோனக் எஸ்டேட்ட வாங்கினார், அந்த மாதிரி ஆளோட கதையில பாதி லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரில கம்பெனி ஆவணங்களுக்குள்ள இருக்கும்.

5. 1800ல இருந்து 1950 வரைக்கும்: இங்கதான் சுலபமா மாட்டும்

டைத் மேப். 1836 சட்டத்துக்கு அப்புறம் ஊர் ஊரா போட்டது, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஓனர் பேரு, அனுபவிக்கிறவர் பேரு ரெண்டும் தனித்தனியா இருக்கும். நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல ஐ.ஆர் 29ங்கற வரிசை எண்ல பட்டியல், ஐ.ஆர் 30ல மேப். மேப்ப மட்டும் பாத்தா வெறும் நம்பர்தான் தெரியும், பட்டியலோட சேத்து பாக்கணும். பட்டியலோட முதல் சில பக்கத்த யாரும் படிக்க மாட்டாங்க, அங்கதான் அந்த ஊர் டைத், அதாவது சர்ச்சுக்கான பத்துல ஒரு பங்கு, யாருக்குச் சொந்தம்னு எழுதியிருக்கும், சர்ச் பக்கம் போறப்போ இது தங்கம். சில ஊருக்கு டைத் மேப்பே இருக்காது, பெரும்பாலும் அங்க முன்னாடியே என்க்ளோஷர் சட்டத்துல (பொது வயல்கள வேலி போட்டு தனித்தனியா பிரிச்சது) டைத்த தீத்துட்டாங்கன்னு அர்த்தம், கவுண்டி ரெக்கார்ட் ஆபீஸ்ல என்க்ளோஷர் அவார்ட் (அந்தப் பிரிவினைப் பத்திரம்) கேளுங்க.

அடுத்தது 1910 வாக்குல, அப்போ நிதி அமைச்சரா இருந்த லாயிட் ஜார்ஜோட நில வரிக்காக எடுத்த கணக்கு. ஐ.ஆர் 58 ஃபீல்டு புக்ல வீட்டு ஓனர், வாடகை, மதிப்பு, சில சமயம் அறை அறையா விவரம் கூட இருக்கும். ஆனா நேரா ஃபீல்டு புக் ஆர்டர் பண்ணாதீங்க, முதல்ல அந்தக் கணக்குக்குன்னே போட்ட மேப்ல உங்க வீட்டு மேல எழுதியிருக்கிற நம்பர எடுக்கணும், அந்த நம்பர் இல்லாம புக்க திறந்தா ஊசியத் தேடற கதைதான். போர்ட்ஸ்மத், சவுத்தாம்ப்டன் பக்கம் ஆளுங்களுக்கு மட்டும் வருத்தமான செய்தி, அங்கத்த ரெக்கார்ட் நிறைய போர்ல அழிஞ்சு போச்சு.

முதல் உலகப் போர் முடிஞ்ச கையோட எஸ்டேட்டுங்க சரசரன்னு வித்தாங்க. அந்த ஏல கேட்டலாக் கவுண்டி ஆபீஸ்ல இருக்கும், போட்டோ, மேப், குத்தகைக்காரர் பேரு எல்லாத்தோட. அதுல யாராவது பென்சில்ல ஓரத்துல விலையும் வாங்கினவர் பேரும் எழுதி வச்சிருந்தா லாட்டரிதான்.

யார்க்ஷயர், மிடில்செக்ஸ் ஆளுங்களுக்கு ஒரு சலுகை. அங்க மட்டும் 18ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல இருந்தே பத்திரப் பதிவு ஆபீஸ் இருந்துச்சு, வேக்ஃபீல்டுல 1704, மிடில்செக்ஸ் 1709. பேர் வச்சு இண்டெக்ஸ்ல தேடலாம்.

6. அதுக்கும் பின்னாடி: கியூவுக்குப் போறது

நேஷனல் ஆர்க்கைவ்ஸ் லண்டன் கியூல இருக்கு. ஞாயிறு, திங்கள் லீவு. மூல ஆவணம் பாக்க ரீடர்ஸ் டிக்கெட் வேணும், காசு இல்ல, பேருக்கு ஒரு ஆதாரம், அட்ரஸுக்கு ஒரு ஆதாரம், ரெண்டும் ஒரிஜினலா. பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு அட்ரஸ் ப்ரூஃப மறந்துட்டுப் போறவங்கதான் அதிகம். பேனா உள்ள விடமாட்டாங்க, பென்சில் மட்டும். போன்ல போட்டோ எடுக்க கட்டணம் இல்ல, அதனால அங்க உக்காந்து படிக்க முயற்சி பண்ணாதீங்க, தெளிவா போட்டோ எடுத்து வீட்டுக்கு வந்து படிங்க. ஆவணத்த முன்கூட்டியே ஆர்டர் போட்டுட்டு போங்க, சிலது வேற ஊர் கிடங்குல இருந்து வரணும், அன்னைக்கே கிடைக்காது. வீட்டுல இருந்தே டவுன்லோட் பண்றதா இருந்தா முதல்ல அக்கவுண்ட் போட்டு லாகின் பண்ணிட்டு விலைய பாருங்க, இலவசமா வர்றதுக்கு எதுக்கு காசு கட்டணும்.

கவுண்டி ஆபீஸுகளுக்கு ஆர்க்கைவ்ஸ் கார்டுன்னு ஒண்ணு, இலவசம், இதுல சேந்திருக்கிற ஆபீஸ் எல்லாத்துலயும் ஒரே கார்டு. ஆனா அங்க போட்டோ எடுக்க நாள் கட்டணம் உண்டு, ஆபீஸுக்கு ஆபீஸ் மாறும், சில ஆபீஸ் வாரத்துல சில நாள்தான் திறக்கும், மத்தியானம் ஆவணம் எடுத்துத் தர்றத நிறுத்திடுவாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஈமெயில் போட்டு உறுதி பண்ணிட்டுப் போங்க.

கியூல எதைக் கேக்கறது? மூணு சொல்றேன்.

இன்க்விசிஷன் போஸ்ட் மார்ட்டம். ராஜாகிட்ட நேரடியா நிலம் வச்சிருந்தவர் செத்தா, அவருக்கு என்ன நிலம், வாரிசு யாரு, வாரிசுக்கு என்ன வயசுன்னு ஊர்க்காரங்கள வச்சு விசாரிச்சு எழுதினது. 13ஆம் நூற்றாண்டுல இருந்து 17ஆம் நூற்றாண்டு நடு வரைக்கும் ஓடும். நிறையத்துக்கு இங்கிலீஷ் சுருக்கம் அச்சுல இருக்கு, முதல்ல அத பாருங்க. ராஜாகிட்ட நேரடியா வாங்காத ஆளுக்கு இது இருக்காது, இல்லங்கறதால நிலமே இல்லன்னு முடிவு கட்டாதீங்க.

ஃபீட் ஆஃப் ஃபைன்ஸ், சி.பி 25. நிலம் கைமாறினத கோர்ட்ல ஒரு பொய் வழக்கு மாதிரி நடத்தி பதிவு பண்ணுவாங்க. ஒரே தோல்ல மூணு தடவ எழுதி, வளைஞ்சு வளைஞ்சு வெட்டி, ரெண்டு துண்டு ரெண்டு பார்ட்டிக்கு, அடியில இருக்கிற துண்டு கோர்ட்டுக்கு, அந்த அடித்துண்டுதான் இன்னைக்கு நம்ம கையில கிடைக்குது. 12ஆம் நூற்றாண்டு கடைசில ஆரம்பிச்சு 1833 வரைக்கும் நடந்துச்சு. பழைய காலத்து ஃபைன்ஸ் படங்கள ஹூஸ்டன் யுனிவர்சிட்டி சட்ட நூலகத்தோட தளத்துல இலவசமா போட்டிருக்காங்க. இதுல கேஸ் போட்டவர்தான் வாங்கினவர், எதிர்த்தரப்பு வித்தவர். எழுதியிருக்கிற தொகைய உண்மையான விலைன்னு எடுத்துக்காதீங்க, பெரும்பாலும் சம்பிரதாயத் தொகை. அதே மாதிரி வாங்கினவங்கன்னு அஞ்சாறு பேரு வந்தா அதுல வக்கீல், பாதிரியார், சொந்தக்காரங்கன்னு ட்ரஸ்டிங்க இருப்பாங்க, நிஜ ஓனர் பின்னாடி இருப்பார்.

மூணாவது, பேட்டன்ட் ரோல்ஸ், சி 66, ராஜா கொடுத்த நில மானியமெல்லாம் பதிஞ்ச சுருள்கள். 1536ல இருந்து 1540க்குள்ள மடங்கள எல்லாம் மூடினதும் அதோட மேனரெல்லாம் ராஜா கைக்கு வந்துச்சு, அவர் வித்துத் தள்ளினார், வாங்கினவங்க சில மாசத்துலயே லாபத்துக்கு மறுபடி வித்தாங்க. உங்க மேனர் ஒரு மடத்துக்குச் சொந்தமா இருந்திருந்தா அடுத்த பத்து வருஷத்துல மூணு ஓனர் கூட வருவாங்க, ஒருத்தர விட்டாலும் சங்கிலி அறுந்துடும்.

7. சர்ச் தனி ரூட்டு

ஊர்ச் சர்ச் கட்டடமும் கல்லறைத் தோட்டமும் சட்டப்படி பொதுவா அப்போ இருக்கிற பாதிரியார் பேர்லதான் நிக்கும், உள்ள இருக்கிற சாமான் சர்ச்வார்டன்கள் பேர்ல. அதனால நீங்க தேட வேண்டியது ரெண்டு: நியமன உரிமை யாருது, டைத் யாருது. மடத்துகிட்ட இருந்த டைத் உரிமை மூடினதுக்கு அப்புறம் தனியாருக்கு வித்தாங்க, வாங்கினவர லே ரெக்டர்னு சொல்வாங்க, அவருக்கு சர்ச்சோட சான்சல் பகுதிய (பலிபீடம் இருக்கிற பகுதி) ரிப்பேர் பண்ற கடமையும் கூடவே வரும்.

நியமன உரிமைக்கு, 1540ல இருந்து 1835 வரைக்கும் கிளர்ஜி டேட்டாபேஸ்னு ஒரு இலவசத் தளம், எந்த வருஷம் எந்தப் பாதிரியார யாரு நியமிச்சாங்கன்னு வரும், பேட்ரன், அதாவது நியமன உரிமைக்காரர், பேர வரிசையா எழுதினா ஓனர் வரிசை தானா வந்துடும். அதுக்கு முன்னாடின்னா பிஷப் ரிஜிஸ்டர். இன்னைய பேட்ரன் யாருன்னா, 1986 சட்டப்படி மறைமாவட்ட ரிஜிஸ்ட்ரார்கிட்ட பதிவு இருக்கும். ஒரு தடவ மட்டும் வேற பேரு நடுவுல வந்தா பதறாதீங்க, அந்த ஒரு முறைக்கு மட்டும் உரிமைய வித்திருப்பாங்க, இல்ல வாரிசு சின்னப் பையனா இருந்ததால ராஜா நியமிச்சிருப்பார்.

மறைமாவட்ட எல்லையும் கவுண்டி எல்லையும் ஒண்ணு இல்ல, மாறிக்கிட்டும் இருக்கும். நாட்டிங்ஹாம்ஷயர் 1830கள் வரைக்கும் யார்க்குக் கீழ இருந்துச்சு, அதனால பழைய பேப்பர் யார்க் யுனிவர்சிட்டியோட போர்த்விக் இன்ஸ்டிட்யூட்ல. 1225ல இருந்து 1650 வரைக்குமான யார்க் ஆர்ச்பிஷப் ரிஜிஸ்டர் படங்கள் ஆன்லைன்லயே இலவசம்.

வீடு வாங்கப் போறவங்க சான்சல் விஷயத்த வெறும் ஹிஸ்டரின்னு விட்டுடாதீங்க. வார்விக்ஷயர்ல ஆஸ்டன் கேன்ட்லோங்கற ஊர்ல ஒரு பண்ணை வச்சிருந்த தம்பதி மேல சான்சல் ரிப்பேர் செலவ கட்டச் சொல்லி சர்ச் கவுன்சில் கேஸ் போட்டு 2003ல ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போய் ஜெயிச்சுது, ரிப்பேரும் வக்கீல் செலவும் சேந்து ஒரு லட்சம் பவுண்ட்ட தாண்டிடுச்சு. 2013 அக்டோபர் 13க்கு முன்னாடி சர்ச் இந்த ரிப்பேர் பொறுப்ப லேண்ட் ரிஜிஸ்ட்ரில பதிஞ்சிருக்கணும், பதியாத இடத்த அந்தத் தேதிக்கு அப்புறம் காசு கொடுத்து வாங்கினவர் பொதுவா தப்பிச்சார், ஆனா தானமாவோ வாரிசாவோ வந்தா இந்தப் பாதுகாப்பு கிடையாது. நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல ஐ.ஆர் 104ல எந்த நிலத்துக்கு எவ்வளவு பங்குன்னு இருக்கு, சந்தேகம் இருந்தா சொலிசிட்டர்கிட்ட (சொத்து வக்கீல்கிட்ட) நேரா கேளுங்க.

8. படிக்கிறப்போ வழுக்குற இடங்கள்

1733 வரைக்கும் கோர்ட் ரோல் லத்தீன்லதான், நடுவுல கிராம்வெல் காலத்துல கொஞ்ச வருஷம் மட்டும் இங்கிலீஷ். லத்தீனுக்கும் பழைய கையெழுத்துக்கும் நேஷனல் ஆர்க்கைவ்ஸ் தளத்துல இலவசப் பாடம் இருக்கு, மேனர் ரோல்ல ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும், அதனால முழு லத்தீனும் தெரிய வேண்டாம், பேரு, நிலம், தேதி பிடிபட்டா போதும்.

1752க்கு முன்னாடி வருஷம் மார்ச் 25ல ஆரம்பிச்சுது. "1640 பிப்ரவரி"ன்னு எழுதியிருந்தா நம்ம கணக்குல 1641. எலிசபெத் 15ஆம் வருஷம்னு ராஜா ராணி கணக்குல போட்டிருந்தா உடனே மாத்தி எழுதாதீங்க, மூலத்துல இருக்கிறது அப்படியே ஒரு கட்டத்துல, மாத்தினது பக்கத்துக் கட்டத்துல.

9. லார்ட்ஷிப் விலைக்கு வந்தா

தேட ஆரம்பிச்சதும் "இந்த மேனரோட லார்ட் ஆகலாம்"னு விளம்பரம் பின்னாடியே வரும். நிஜமான லார்ட்ஷிப்பும் விலைக்கு வருது, வெத்துப் பேப்பரும் வருது. 2003 அக்டோபர் 13க்கு அப்புறம் எந்த லார்ட்ஷிப்பையும் புதுசா லேண்ட் ரிஜிஸ்ட்ரில பதிய முடியாது, அதனால "நாங்க பதிஞ்சு தர்றோம்"னு யாராவது சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க. முன்னாடியே பதிஞ்சதா இருந்தா ரிஜிஸ்டர் காப்பிய நீங்களே எடுத்துப் பாருங்க. பதியாததா இருந்தா, விக்கிறவர்கிட்ட கடைசி பத்திரத்த மட்டும் கேக்காம மேல சொன்ன மாதிரி முழுச் சங்கிலியையும் கேளுங்க, மேனோரியல் டாக்குமெண்ட்ஸ் ரிஜிஸ்டர்ல அந்தப் பேர்ல மேனர் இருக்கான்னும் பாருங்க. கையெழுத்துக்கு முன்னாடி உங்களுக்குன்னு தனியா ஒரு சொலிசிட்டர் வச்சுக்கங்க, விக்கிறவர் கைகாட்டுற ஆள் வேண்டாம்.